ஊராட்சி மூலம் அரசு வீடு பெறுவது எப்படி? குடிசையில் வாழ்வோருக்கு ஒரு முழு வழிகாட்டி

அரசு வீட்டுக்கு மனு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிறைய. அவர்களுடைய விவகாரத்தைக் கிளறிப் பார்த்தால், தடை பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும். குடியிருக்கும் மனைக்கு அவர் பெயரில் பட்டா இருக்காது. அல்லது, பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்ட நாளில் அவர் அங்கே போயிருக்க மாட்டார். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது வேறு கேள்வி: "யாரைப் பிடிக்கணும், எவ்வளவு கொடுக்கணும்?"

யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் காகிதம், கிராம சபைத் தீர்மானம், பணம் எந்தக் கட்டத்தில் வரும் என்ற தெளிவு. மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

எந்தத் திட்டத்தில் நீங்கள் வருவீர்கள்?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "தொகுப்பு வீடு", "காலனி வீடு" என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் கிராமத்தில் குடிசை வீட்டுக்காரர் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, கலைஞரின் கனவு இல்லம். இது மாநில அரசின் திட்டம். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசைகளே இல்லாமல் செய்வது என்று 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்; ஓலை வேய முடியாது. குடும்பம் குடியிருக்கும் குடிசைதான் கணக்கில் வரும். மாட்டுக்கொட்டகையும், கடையாக மாற்றிய கொட்டகையும் சேராது.

இரண்டாவது, பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம். பழைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தை மாற்றியமைத்து 2016-ல் கொண்டுவரப்பட்டது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய், மலைப்பகுதியில் 1.30 லட்சம். இந்தத் தொகையை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்த்துத் தருகிறது. கழிப்பறைக்குத் தூய்மை பாரத இயக்கத்திலிருந்து 12,000 ரூபாய் வரும். நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியே வீட்டுக்காரருக்கு 90 நாள் கூலியும் இதுவரை இணைத்துத் தரப்பட்டு வந்தது. நூறு நாள் வேலைக்கான சட்டமே இப்போது மாறியிருப்பதால், கூலி எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய திட்டத்தில் யார் யாருக்கு வீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பழைய விதியைச் சொல்லி இன்னமும் சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்பு பைக் இருந்தால் கிடையாது, ஃப்ரிட்ஜ் இருந்தால் கிடையாது என்று இருந்தது. 2024-ல் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவரின் மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றிருந்ததும் 15,000 ஆக உயர்ந்துவிட்டது. இப்போதும் தடையாக இருப்பவை: மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம், டிராக்டர் போன்ற விவசாய இயந்திரம், 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கடன் அட்டை, வீட்டில் ஓர் அரசு ஊழியர், அரசிடம் பதிவுசெய்த தொழில், வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுவது, இரண்டரை ஏக்கர் அல்லது அதற்கு மேல் பாசன நிலம், ஐந்து ஏக்கர் அல்லது அதற்கு மேல் மானாவாரி. ஏற்கெனவே பக்கா வீடு உள்ளவருக்கு இரண்டு திட்டத்திலும் இடமில்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும், தொகை மாறும். 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய். அடுத்த ஆண்டே அது நின்றுபோய், சூரிய விளக்கோடு கூடிய பசுமை வீடு 1.80 லட்சத்தில் வந்தது. பெயர் எதுவானாலும் கேட்கப்படும் காகிதங்கள் ஏறக்குறைய அவையேதான். அவற்றைத் தயாராக வைத்திருக்கும் குடும்பம் எந்தத் திட்டம் வந்தாலும் உள்ளே நுழைந்துவிடும்.

பட்டாவை முதலில் சரிசெய்யுங்கள்

இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா வேலையும் சில வாரங்களில் முடியக்கூடியவை. பட்டா விவகாரம் மாதக்கணக்கில் இழுக்கும்.

முதலில் இன்றைய நிலை என்ன என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவணங்களுக்கான இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ கொடுத்தால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். ஊருக்குள் இருக்கும் குடியிருப்பு மனை பெரும்பாலும் நத்தம் நிலமாகத்தான் இருக்கும். அதற்கு 'நத்தம்' என்று தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். புல எண்ணே தெரியாது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார்.

பார்த்தபின் நான்கில் ஏதாவது ஒரு நிலைமையில் இருப்பீர்கள்.

உங்கள் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ தனிப் பட்டா இருந்தால் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால், அதுதான் ஊரில் அதிகம் பார்க்கும் நிலைமை. இறப்புச் சான்று, அதை வைத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல் என்று போக வேண்டும். அண்ணன் தம்பிகள் இருந்தால், யாருக்கு எவ்வளவு இடம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினையாகவோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகவோ பதிவுசெய்வது நல்லது. அக்கா தங்கைகளுக்கும் சட்டப்படி பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் செய்த ஏற்பாடு பின்னால் வீட்டையே வழக்கில் இழுத்துவிடும். வீடு கட்டும் ஆசையில் இதை அவசரமாகத் தாண்டிப்போகாதீர்கள்.

பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால், உங்கள் பங்கைத் தனியாக உட்பிரிவு செய்து தரச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இதற்கு நில அளவையர் நேரில் வந்து அளந்தாக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, கொடுக்கும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் நினைவூட்டுவதற்கு அந்த எண்தான் பிடி.

நான்காவது நிலைமை, பட்டாவே இல்லாமல் புறம்போக்கில் குடியிருப்பது. இங்கே எந்த வகைப் புறம்போக்கு என்பதுதான் எல்லாம். ஏரி, குளம், வாய்க்கால், ஆறு போன்ற நீர்நிலை என்றால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. நீதிமன்றத் தீர்ப்புகள் அந்த வழியை அடைத்துவிட்டன. அப்படிப்பட்டவர்கள் அதே இடத்துக்காகப் போராடி வருஷங்களை இழப்பதைவிட, மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுப்பதுதான் பலன் தரும். ஆட்சேபணை இல்லாத புறம்போக்காக இருந்து, நீங்கள் நெடுங்காலமாகக் குடியிருப்பதற்கு மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு போன்ற ஆதாரங்கள் இருந்தால் வரன்முறைப்படுத்திப் பட்டா கேட்கலாம். கிராமத்தில் பொதுவாக 3 சென்ட் வரை தருவார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகவும் மனை கேட்க முடியும். இருளர், காட்டுநாயக்கர், பணியர், தோடர், கோத்தர், குறும்பர் ஆகிய ஆறு பழங்குடிச் சமூகங்களுக்கு 2023-ல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் தனியாக வீடு உண்டு. கிராமத்துப் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லி அவர்களை யாரும் திருப்பி அனுப்பக்கூடாது.

பெயரும் வங்கிக் கணக்கும்

ஆதாரில் 'முருகன் க', பட்டாவில் 'க. முருகேசன்', ரேஷன் கார்டில் 'முருகையன்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. மனு கொடுப்பதற்கு முன்பே இவற்றை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பட்டாவை ஒட்டி ஆதாரைத் திருத்துவதா, ஆதாரை ஒட்டிப் பட்டாவைத் திருத்துவதா என்று குழப்பம் வந்தால், பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை ஒட்டித் திருத்துவது பிற்காலத்துக்கும் உதவும்.

மத்திய திட்டத்தில் வீடு மனைவி பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்கப்படுவதைத்தான் விரும்புகிறார்கள். முடிந்தால் பெண் பெயரையும் சேருங்கள். அது அந்தக் குடும்பத்துக்கே ஒரு பாதுகாப்பு.

பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அதில் இரண்டு சிக்கல் அடிக்கடி நடக்கிறது. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும். வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு'. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, வருஷத்துக்கு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு உண்டு. அரசு மானியத்துக்கு இருப்பு வரம்பில் விலக்கு உண்டு என்றாலும், வீட்டு வேலைக்கு அந்தக் கணக்கு வசதிப்படாது. ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டுப் பயனாளிகள் பட்டியலுக்கு கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். பட்டியலில் தகுதியில்லாத பெயர் இருந்தால் ஆட்சேபிக்கவும், விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லவும் அதுதான் இடம்.

போகும்போது வெறும் வாய்ப்பேச்சோடு போகாதீர்கள். ஒரு தாளில் பெயர், தெரு, ரேஷன் கார்டு எண், பட்டா எண் எழுதி, கீழே இவ்வளவு போதும்: "நானும் என் குடும்பத்தாரும் மேற்கண்ட மனையில் ஓலைக் குடிசையில் குடியிருந்து வருகிறோம். எங்களுக்கு வேறு எங்கும் வீடு இல்லை. எங்கள் குடிசையை நேரில் ஆய்வு செய்து, தகுதியுள்ள குடிசை வீடுகளின் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று கூட்டம் கலைவதற்கு முன்பே பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்தால் அங்கேயே கேளுங்கள். ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைந்தபட்ச வருகை இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை இல்லாமல் போகாது. தனி அலுவலரே கூட்ட வேண்டும். தலைவர் இல்லாத காலத்தில்தான் சனங்கள் அதிகமாக வந்து உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

மத்திய திட்டத்துக்குத் தனியாக ஒரு வீடு வீடான கணக்கெடுப்பு உண்டு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தொடங்கி, 2018-லும் அதன்பின்பும் விடுபட்டவர்களை 'ஆவாஸ் பிளஸ்' என்ற பெயரில் சேர்த்தார்கள். இந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பிடிஓ) இரண்டு பேர் இருப்பார்கள். 'கிராம ஊராட்சி' என்று பெயர்ப்பலகை போட்ட பிடிஓவிடம் தொடங்குங்கள்.

வேலை உத்தரவு வரும் வரை குடிசையைப் பிரிக்காதீர்கள்

பெயர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, நல்ல நாள் பார்த்து ஓலையைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. மத்திய திட்டத்தில் இப்போதைய குடிசையையும் கட்டப்போகும் இடத்தையும் இடக்குறியோடு (ஜியோடேக்) படம் எடுத்து இணையத்தில் ஏற்றினால்தான் அனுமதியே கிடைக்கும். குடிசை இல்லையென்றால் படமும் இல்லை. எழுத்தில் வேலை உத்தரவு கைக்கு வரட்டும். அப்புறம் பிரிக்கலாம்.

பணம் முன்கூட்டி வராது. அடித்தளம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கான்கிரீட் கூரை, முழுமை என்று கட்டடம் ஒவ்வொரு மட்டத்தை எட்டியதும் ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளரான ஓவர்சியர் வந்து அளந்து, படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் அடுத்த தவணை வரும். அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் கைப்பணம் போட்டாக வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மத்திய திட்டத்தில் விரும்பினால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடன் கேட்கவும் இடமுண்டு. வார வட்டிக்காரரிடமும் நுண்கடன் நிறுவனத்திடமும் வீட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். தவணை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் வட்டி உங்களைத் தின்றுவிடும்.

வீடு பாதியில் நிற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம், அளவை மீறிக் கடைக்கால் போடுவதுதான். 360 சதுர அடி என்பது வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 20 அடிக்கு 18 அடி. ஒன்பது அங்குலச் சுவர் நான்கு பக்கமும் போக உள்ளே 18½ அடிக்கு 16½ அடி, சுமார் 305 சதுர அடி கிடைக்கும். கயிறு பிடித்துத் தரையில் பார்க்கும்போது இது சின்னதாகத் தெரியும். "கொஞ்சம் பெருசா போட்டுடலாம்" என்று கொத்தனார் சொல்வார், நமக்கும் ஆசை வரும். 600 சதுர அடிக்குப் போட்ட அடித்தளத்துக்கும் அரசு கொடுப்பது 360-க்கான தவணைதான். கைக்காசு அடித்தளத்திலேயே தீர்ந்து, சுவர் லிண்டலோடு நின்று, மழையில் பாசி பிடித்துக் கிடக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. முதலில் அரசு சொன்ன அளவில் முடித்துக் குடியேறுங்கள். பின்னால் ஒரு அறை சேர்க்க ஒரு பக்கம் இடம் விட்டு வையுங்கள்.

மத்திய திட்டத்தில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டக்கூடாது என்பது விதி. வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கறேன், பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் கொடுங்க" என்று வருகிறவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டால் வீடு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு வேலைக்குத் தக்க கூலியை நீங்களே கொடுங்கள். ஒன்றியக் கிடங்கிலிருந்து சிமெண்டும் கம்பியும் தந்தால் எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று எண்ணி, எடைபோட்டு வாங்குங்கள். அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொள்வார்கள் என்பதால் குறைந்தால் நட்டம் உங்களுக்குத்தான். சிமெண்டைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

பொங்கல் கழிந்து அடித்தளத்துக்கு வானம் தோண்டினால், ஐப்பசி அடைமழைக்கு முன் கூரை போட்டுவிடலாம். டெல்டாவிலும் கடலோரத்திலும் இருப்பவர்களுக்கு இது வெறும் வசதி அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஓலைக் கூரை என்ன ஆனது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களிமண் பூமியாக இருந்தால் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டே தொடங்குங்கள். கான்கிரீட் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இரண்டு வாரம் காயவிடாமல் பாருங்கள். கூலி கொடுத்து வாங்க முடியாத வேலை அது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று சீக்கிரம் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவில் நின்றுபோனால்

மட்டம் வந்தும் தவணை வரவில்லை என்றால், முதலில் ஓவர்சியர் படம் ஏற்றிவிட்டாரா என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கும். ஏற்றியும் வரவில்லை என்றால் பிடிஓவிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதியலாம்.

பட்டியலில் உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று யாரும் பதில் சொல்லவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சியில் இந்த நிதியாண்டில் தேர்வான பயனாளிகள் பட்டியலின் நகல், அதற்கான கிராம சபைத் தீர்மானத்தின் நகல். இந்த இரண்டு நகலும் கைக்கு வந்தால் மற்றது தானே வெளியே வரும். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் தெருவில் அதே நிலையில் இருக்கும் நான்கு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள்.

குடிசை இல்லை, பழைய தொகுப்பு வீடு என்றால்

அப்பா காலத்தில் அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் கம்பி தெரிந்து காரை உதிர்கிறது என்றால் புது வீட்டுத் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அதற்கு ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. 2000-2001-க்கு முன் கட்டிய வீடுகளுக்கானது. பழுதுபார்க்கவே முடியாத நிலையில் உள்ளவற்றை இடித்துக் கட்ட, மறுகட்டுமானத் திட்டம் என்று தனியாகவும் வந்தது. கூரை ஒழுகும் இடம், கம்பி தெரியும் இடம் இவற்றைப் படம் எடுத்து இணைத்து அதே பிடிஓவிடம் மனு கொடுங்கள்.

பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைப் பார்க்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ள ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அங்கேயும் மானியம் உண்டு.

கட்டி முடித்து, கழிப்பறையும் போட்டு, கடைசிப் படம் எடுத்த பிறகு, கடைசித் தவணை கணக்கில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஊராட்சியில் வீட்டு வரி விதிக்கச் சொல்லி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். மின் இணைப்பும் அதே பெயரில் இருக்கட்டும். வேலை உத்தரவு, பட்டா நகல், தவணை வந்த பக்கமுள்ள பாஸ்புக், வரி ரசீது நான்கையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் இரண்டு பேருக்காவது அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.